சட்டைப் பை

மகாராணிக்கு,

சாப்பாடு மேசையில் மூடியிருக்கிறது. அடுப்பை மறக்காமல் அணைத்தாயிற்று.

தொப்பைக்கு மேல் பொத்தான் பூட்டாத தன் சட்டையை வெட்டிப் பை தைத்தாய் என்று உன்னோடு சண்டை போட்டாரே உன் வீட்டுத் துரை, அவர் ஆசையாக வாங்கி வந்த புதுப் பை உருளைக்கிழங்குக்கே பிடி அறுந்துவிட்டது. இன்று உன் பையைத்தான் ஓசைப்படாமல் கடைக்கு எடுத்துப் போனார்.

"யாரு தைச்சது? நல்லா கெட்டியா இருக்கே!" என்றார் காய்கறிக்கார அம்மா.

துரை கூசாமல், "நான்தான்" என்றார்.

"அப்ப எனக்கும் ரெண்டு தைச்சுக் குடுங்க. நாளைக்கே வேணும்."

பையைத் துவைத்து, உதறி, நிழலில் காயப்போட்டாயிற்று. துரை நூல் வாங்கப் போகிறார்.

இப்படிக்கு,
மேற்படி துரை

பி.கு.: ஊசிக்குக் காது எந்தப் பக்கம் என்றே அவருக்குத் தெரியாது. இரண்டு பையையும் தைத்துக் கொடுத்துவிட்டு, மிச்சக் கோபத்தைப் பிறகு வைத்துக்கொள்ளேன்!