மாட்டாமல் விட்ட டோக்கன்

நண்பா,

இன்று காலை டீக்கடை ரேடியோவில் அதே குரல், அதே வாசகம். "பொதுமக்கள் பீதியடைய வேண்டாம்." இந்தத் தடவை வேறொரு காய்ச்சல். கையிலிருந்த டீயைக் கீழே வைத்துவிட்டேன். நீ எதிரே உட்கார்ந்திருந்தால், "பீதியடையாம வேற இன்னாத்தடா அடையறது, பர்மனென்ட் வேலையா?" என்று கேட்டுக் கடையையே சிரிக்க வைத்திருப்பாய். இருந்தவர்கள் டீயைக் குடித்துவிட்டு ஷிஃப்டுக்குக் கிளம்பினார்கள்.

அந்த ஃப்ளூ வருஷம் நாம் இருவரும் திறந்தவெளி நிலக்கரிச் சுரங்கத்தில் காண்ட்ராக்ட் ஆட்கள். நீ காடாம்புலியூர், நான் மதுரைப் பக்கம். பர்மனென்ட் ஆட்களுக்குக் குவார்ட்டர்ஸ் கட்டிக்கொண்டே இருந்தார்கள். நமக்குத் தகரக் கொட்டகை, பக்கத்துப் பக்கத்துப் பாய். மண் வாரிவிட்டு வந்து டீக்கடையில் உட்கார்ந்தால் சண்டைதான். நான் சர்க்கார் கட்சி, நீ எதிர்க்கட்சி.

"கப்பல்ல வந்த காய்ச்சல், கப்பல்லயே நிறுத்தி வெச்சிருக்கலாம் இல்ல? ஊரெல்லாம் பரவிக்கினு இருக்குது, டில்லியில இன்னா பண்ணிக்கினு இருக்காங்க?" என்பாய்.

"காத்துல வர்றதுக்குக் கதவு போட முடியுமாடா? சுதந்திரம் வாங்கிப் பத்து வருஷந்தான் ஆகுது. அதான் காய்ச்சல் கண்டா வேலைக்குப் போகாம படுங்கன்னு ரேடியோவுல படிச்சுப் படிச்சுச் சொல்றாங்கல்ல?" என்றேன் ஒருநாள்.

நீ டம்ளரைக் கீழே வைத்தாய். "படுன்னு சொல்ற சர்க்காரு, படுத்தவன் பேரை வெட்டாதடான்னு காண்ட்ராக்டர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லுச்சா?"

கடை முழுக்கச் சிரிப்பு. டீ ஆற்றுகிறவர்கூடச் சிரித்தார். எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. அன்று முழுக்க உன்னோடு பேசவில்லை.

நம் வேலையின் வழக்கம் உனக்குத் தெரியாததா? சுரங்க வாசல் பலகையில் அவரவர் நம்பர் போட்ட ஆணியில் பித்தளை டோக்கனை மாட்டவேண்டும். டைம்கீப்பர் பலகையைப் பார்ப்பார், முகத்தைப் பார்க்க மாட்டார். ஒருவனுக்கு முடியவில்லை என்றால் கூட்டாளி அவன் டோக்கனையும் மாட்டுவான், அவன் பங்கு மண்ணைக் கேங்கில் மற்றவர்கள் வாரிவிடுவார்கள். ஒரு நாள் ஆணி காலியாக இருந்தாலே பேர் போச்சு. பர்மனென்ட் லிஸ்ட் எடுக்கப் போகிறார்கள் என்ற பேச்சு வேறு அப்போது.

இரண்டு நாள் கழித்து உனக்குக் காய்ச்சல் கண்டது. காலையில் பாயில் கிடந்தபடி டோக்கனை நீட்டினாய். "மாட்டிடுடா. ரெண்டு நாள்ல எழுந்துடுவேன்."

பாவி நான் என்ன சொன்னேன்? "சர்க்காரைக் குறை சொல்றவன் முதல்ல தான் ஒழுங்கா இருக்கணும். திருட்டு டோக்கன் நான் மாட்ட மாட்டேன்." டீக்கடையில் சொல்ல வராத பதிலை அங்கே சொல்லிவிட்ட மாதிரி ஒரு திருப்தி வேறு.

நீ திட்டவில்லை. சுவரைப் பிடித்து எழுந்தாய், துண்டைத் தலையில் கட்டிக்கொண்டாய். வெளியே மழை. மூன்று நாள் அந்தச் சேற்றில் நின்றாய். உன் இருமல் பக்கத்தில் கேட்கக் கேட்க நான் மண் வாரினேன். "போய்ப் படுடா, நான் பார்த்துக்கறேன்" என்று சொல்ல வாய் வரவில்லை. மறுபடி நீயே கேட்கட்டும் என்றிருந்தேன். நான்காம் நாள் உனக்கு மூச்சு வாங்கியது. லாரியில் ஏற்றிக் கடலூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். திரும்பி வரும்போது நீ இல்லை.

உன் மனைவி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். "படுத்திருக்கலாமேண்ணா. அவரு டோக்கனை மாட்ட யாருமே இல்லியா?" என்று கேட்டாள். "நான் அந்த வாரம் வேற ஷிஃப்டும்மா" என்றேன். அது பொய் என்று நான் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. அவள் நம்பினாள். அதுதான் தாங்கவில்லை.

எனக்கு பர்மனென்ட் ஆகிவிட்டது, குவார்ட்டர்ஸ்கூடக் கிடைத்துவிட்டது. டீக்கடையில் யாராவது சர்க்காரைப் பற்றிப் பேச்செடுத்தால் எழுந்து வந்துவிடுகிறேன். நீ சொன்னது சரியா நான் சொன்னது சரியா என்றால், போடா, நீதான் சரி. இன்றும் அந்த ஒரு வார்த்தையை யாரும் காண்ட்ராக்டரிடம் சொல்லவில்லை.

உன் நம்பர் கைமாறிக் கைமாறி இப்போது மேல்பட்டாம்பாக்கத்துக்காரர் ஒருவரிடம் இருக்கிறது. இன்று ரேடியோவைக் கேட்டுவிட்டுச் சுரங்க வாசலுக்கு வந்தால், அவர் சுவரோரம் குந்தியிருந்தார். கண் சிவந்து, உடம்பு நடுங்கிக்கொண்டிருந்தது. "ரெண்டு நாளா காய்ச்சலுங்க. வூட்டுல கெடந்தா பேரு போயிடுங்களே" என்றார். அவர் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. நானாகத்தான் டோக்கனுக்குக் கையை நீட்டினேன்.

என் டோக்கனை மாட்டினேன். பிறகு உன் ஆணியில் உன் நம்பரை மாட்டினேன். டைம்கீப்பர் பலகையைப் பார்த்தார், எழுதினார், அடுத்த பக்கம் புரட்டினார். யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அவ்வளவு சுலபம்டா அது.