பதினேழாம் பாத்தி

அன்புள்ள அக்காவுக்கு,

உன் தங்கை எழுதுகிறேன். இங்கு எல்லோரும் நலம் என்று தொடங்கத்தான் நினைத்தேன். நீ நம்பமாட்டாய். எல்லோரும் களைத்துப் போயிருக்கிறோம், அதற்கு மேல் ஒன்றும் இல்லை என்று எழுதினால் உண்மைக்குக் கொஞ்சம் பக்கத்தில் இருக்கும். தையல் கடையில் இது பள்ளிச் சீருடைக் காலம் என்பதால் அம்மா இடுப்பைப் பிடித்துக்கொண்டேதான் படியேறுகிறாள். அப்பாவுக்கு அதே பஸ், அதே வழித்தடம். எனக்குத் தேர்வு நடக்கிறது. இன்று வரலாறு முடிந்தது. விடைத்தாளில் கடைசிப் பக்கம் எழுதும்போது தூங்கிவிட்டேன் என்று நினைக்கிறேன். ஒரு வரி கோணலாகக் கீழே இறங்கிப் போயிருந்தது.

இதையெல்லாம் போனில் சொல்ல முடியாது. அம்மா ஸ்பீக்கரில் போட்டுவிடுவாள். அப்பா பக்கத்தில் பேப்பரை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். உன்னோடு பேசமாட்டார், ஆனால் நீ பேசி முடிக்கும்வரை ஒரு பக்கத்தைக்கூடத் திருப்பமாட்டார். நான் கவனித்திருக்கிறேன்.

நீ மூன்று கடிதங்களிலும் உன் பாத்தியைப் பற்றிக் கேட்டாய். மூன்று பதிலிலும் "செழிப்பாக இருக்கிறது" என்று எழுதினேன். அது பொய், அக்கா. மன்னித்துவிடு. முதலிலிருந்து சொல்கிறேன்.

நீ படிப்பைப் பாதியில் நிறுத்திவிட்டு வேலைக்குப் புறப்பட்ட அன்று, பொதுத் தோட்டத்தின் சாவியை என் பென்சில் டப்பாவில் போட்டுவிட்டுப் போனாய் அல்லவா? அன்று சாப்பிடும்போதே அப்பா, இனிமேல் இந்த வீட்டில் அவள் பேச்சும் கூடாது, அவள் தோட்டத்துப் பேச்சும் கூடாது என்று சொல்லிவிட்டார். அதனால் வீட்டில் நூலகத்துக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் தோட்டத்துக்குப் போய்வந்தேன். முழுப் பொய் ஆகிவிடக் கூடாது என்று வழியில் நூலகத்துக்குள்ளும் ஒரு எட்டு நுழைந்துவிடுவேன்.

பதினெட்டு வயது ஆகாதவர்களுக்குப் பாத்தி தரமாட்டார்கள். தன்னார்வலராகச் சேர்ந்தால் ஊரில் இல்லாதவர்களுடைய பாத்தியைப் பார்த்துக்கொள்ளலாம். அதனால் சேர்ந்தேன். நீ பெயர் வைத்த விசில்காரர்தான் இன்னும் பொறுப்பாளர். பள்ளிக்கூடத்தில் விளையாட்டு வாத்தியாராக இருந்த பழக்கம் போகவே இல்லை. கதவு திறந்தால் விசில், மண்வெட்டி கீழே விழுந்தால் விசில். சனிக்கிழமைதோறும் எருக்குழியைக் கிளறிப் போடுவது என் வேலை. தோட்டக்கலை பற்றி மூன்று புத்தகங்கள் படித்துவிட்டுத்தான் போனேன். எருக் கூடை இவ்வளவு கனக்கும் என்று எந்தப் புத்தகத்திலும் எழுதவில்லை. இப்போது உள்ளங்கையில் நான்கு கொப்புளங்கள். பேனா பிடித்தால் மூன்றாவது வலிக்கிறது.

உன் காலத்தில் இல்லாத ஓர் ஏற்பாடு வந்திருக்கிறது. வாசலில் ஒரு பலகை. ஒவ்வொரு பாத்திக்கும் ஓர் ஆணி, அதில் வட்டமான ஒரு மர வில்லை. ஒரு பக்கம் சிவப்பு, மறுபக்கம் பச்சை. காலையில் விசில்காரர் எல்லாவற்றையும் சிவப்பாக்கிவிடுவார். தண்ணீர் ஊற்றியவர்கள் பச்சைக்குத் திருப்ப வேண்டும். மாலை ஐந்தரைக்கு மேலும் சிவப்பாக இருந்தால் யாராவது தன்னார்வலர் அந்தப் பாத்திக்குத் தண்ணீர் ஊற்றிவிடுவார். நான் தினமும் பள்ளி விட்டு நேராகப் போய், ஒரு பூவாளித் தண்ணீர் ஊற்றி, பதினேழாம் எண் வில்லையைத் திருப்பிவிட்டு வருவேன். ஒருநாளும் தவறவில்லை.

அப்படியும் போன மாதம் தக்காளி இலைகள் மஞ்சளாயின. புத்தகத்தில் பார்த்தேன். தண்ணீர் குறைந்தால் மஞ்சளாகும் என்று இருந்தது. தண்ணீர் கூடினாலும் மஞ்சளாகும் என்று அதற்கு அடுத்த வரியில் இருந்தது. நான் ஒரு பூவாளிக்கு மேல் ஊற்றுவதே இல்லையே, அதனால் முதல் வரியைத்தான் நம்பினேன். இரண்டு பூவாளியாக்கினேன். ஒரே வாரத்தில் ஆறு செடிகள் சாய்ந்தன.

பக்கத்துப் பாத்தி இப்போது ஒரு நர்ஸம்மாவுடையது. அவர் ஒரு செடியைப் பிடுங்கி வேரை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்துவிட்டு, தக்காளி வளர்க்கிறியா, இல்ல தக்காளிக்கு நீச்சல் கத்துக்குடுக்கிறியா என்று கேட்டார். எத்தனை தடவைடி ஊத்துற, உண்மையைச் சொல்லு என்றார். மாலையில் ஒரு தடவைதான் என்று சத்தியம் செய்தேன். அப்படியென்றால் உனக்குத் தெரியாமல் வேறு எவனோ ஊற்றுகிறான், காலையில் வந்து பார் என்றார். அப்போதும் மேலே மண் காய்ந்துதான் இருந்தது. விரலை விட்டுப் பார்த்தால் அடியில் சேறு. எனக்கு அழுகை வந்துவிட்டது. மாத முடிவில் தோட்டக் குழுவிலிருந்து மூன்று பேர் வந்து செடிகளை எண்ணுவார்கள். பாதிக்கு மேல் உயிரோடு இல்லாவிட்டால் பாத்தி வேறு ஆளுக்குப் போய்விடும். வரிசையில் பத்தொன்பது பேர் காத்திருக்கிறார்கள். நீ திரும்பி வரும்போது இந்த ஊரில் உனக்கென்று அந்தத் துண்டு மண்ணாவது இருக்க வேண்டும் என்றுதான் நான் அங்கே போனதே.

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். அதற்குச் சில நாட்களுக்கு முன், பஸ் ஓட்டுகிற மனுஷனுக்கு ஷூவில் எப்படி இவ்வளவு சேறு என்று அம்மா அப்பாவைக் கேட்டாள். பஸ் நிலையத்தில் ஒரு குட்டை இருக்கிறது என்று அப்பா சொன்னார். நாற்பது நாளாக மழை இல்லை. நான் பக்கத்திலேயே படித்துக்கொண்டிருந்தேன். அப்போதும் எனக்கு உறைக்கவில்லை.

தேர்வு நாட்களில் பள்ளி பத்து மணிக்கு. அதனால் திங்கட்கிழமை காலை எட்டே முக்காலுக்கே தோட்டத்துக்குப் போய், கருவிக் கொட்டகையின் பின்னால் நின்றேன். பஸ் நிலையத்தை ஒட்டிய கம்பிவேலியில் ஒரு கிழிசல் உண்டு, தெரியுமல்லவா? அதன் வழியாக அப்பா குனிந்து வந்தார். சீருடையோடு. கையில் பஸ் ரேடியேட்டருக்கு ஊற்றுகிற நீல கேன்.

கால்சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு ஒவ்வொரு செடியாக ஊற்றினார். சாய்ந்து கிடந்த அவரைக் கொடியைத் தூக்கிக் குச்சியில் சுற்றிவிட்டு, மேல ஏறு, மேல ஏறு, அங்கதான் இவ்வளவு இடம் கிடக்குதே என்று அதட்டினார். பயணிகளைச் சொல்வது மாதிரியே. எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு அவர் வரப்பில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார். ஒரு நிமிஷம் இருக்கும். வீட்டில் அப்பா அப்படி உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. வேலிக்கு அப்பாலிருந்து கண்டக்டர், அண்ணே டைம் ஆச்சு என்று குரல் கொடுத்ததும் எழுந்து மண்ணைத் தட்டிவிட்டுப் போனார்.

வாசல் வழியாக வராததால் பலகையை அவர் பார்த்ததே இல்லை, அக்கா. யாரும் கவனிக்காத பாத்தி என்று நினைத்து அவர் காலையில் ஊற்றினார். நான் மாலையில் ஊற்றினேன். நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்துதான் உன் தக்காளியைக் கொன்றோம்.

அன்றிலிருந்து நான் ஊற்றுவதில்லை. ஆனாலும் தினமும் போக வேண்டியிருக்கிறது. வில்லை சிவப்பாகவே இருந்தால் மூன்றாவதாக ஒருவர் வந்து ஊற்றிவிடுவார். யாரிடமாவது காரணம் சொன்னால் அது அப்பாவின் காதுக்குப் போய்விடும். அதனால் இருபது நிமிடம் நடந்து போய், ஒரு மரத்துண்டைத் திருப்பிவிட்டு, இருபது நிமிடம் நடந்து வருகிறேன். கூடை சுமந்த நாட்களைவிட இதில்தான் அதிகம் களைத்துப் போகிறேன். ஏனென்று தெரியவில்லை.

நேற்று எண்ண வந்தார்கள். இருபத்து நான்கில் பதின்மூன்று. விசில்காரர் உயிருள்ளதாக எண்ணிய ஒரு செடியை நானாக இருந்தால் எண்ணியிருக்கமாட்டேன். இந்த மாதத்துக்குப் பாத்தி தப்பித்தது. ஆனால் நீ போய் ஆறு மாதம் முடியப்போகிறது. அடுத்த மாதக் கடைசிக்குள் நீயே வந்து கையெழுத்துப் போட வேண்டும், இல்லையென்றால் வீட்டுப் பெரியவர் ஒருவர் பொறுப்பேற்பதாகப் போட வேண்டும். அந்தப் படிவம் என் வரலாற்றுப் புத்தகத்துக்குள் இருக்கிறது. நான் நீட்டினால், நான் பார்த்துவிட்டேன் என்று அப்பாவுக்குத் தெரிந்துவிடும். அம்மாவிடம் கொடுக்கலாம் என்று நேற்று போனேன். வாசலில் பழைய பேப்பரை விரித்து என் செருப்பையும் அப்பாவின் ஷூவையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்து, இரண்டிலும் இருந்த ஒரே நிறச் சேற்றைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து என்னைப் பார்த்துவிட்டு, போய்ப் படி என்று மட்டும் சொன்னாள். திரும்பி வந்துவிட்டேன்.

அதனால் உன்னிடம் கேட்கிறேன். அப்பா பெயருக்கு ஒரு கடிதம் எழுது. மன்னிப்பும் வேண்டாம், விளக்கமும் வேண்டாம். என் பாத்தியை நீங்கள் பார்த்துக்கொள்ள முடியுமா அப்பா என்று ஒரே ஒரு வரி. தினமும் செய்கிற வேலையை முடியாது என்று அவரால் எப்படிச் சொல்ல முடியும்? நான் எழுதியதாகக் காட்டிக்கொள்ளாதே. ஒரு நாளைக்கு ஒரு வேளைத் தண்ணீர் போதும், காலையில் ஊற்றினாலே போதும் என்பதையும் நீயே சேர்த்து எழுதிவிடு.

அப்புறம் நான் பள்ளி விட்டு நேராக வீட்டுக்கு வந்து கொஞ்சம் தூங்குவேன்.

நேரத்துக்குச் சாப்பிடு. உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் கடிதம் அப்பா பெயருக்கு வரும் நாளுக்காகத் தபால் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருக்கும்,
உன் தங்கை