வெறுங்கையோடு யாரும் வருவதில்லை

ஆகஸ்ட் 4, திங்கள்

காலையிலிருந்தே புழுக்கம். வார்டில் எட்டுக் கட்டில், மூன்று ஃபேன். எங்கள் தலைக்கு மேலே இருப்பது சுற்றுகிற மாதிரி பாவனை செய்கிறது.

இவருக்கு இன்று ஆறாவது நாள். வலது காலில் இரண்டாவது விரலை வியாழக்கிழமை எடுத்தார்கள். புண் இன்னும் திறந்தே இருக்கிறது. டாக்டர் தெளிவாகச் சொல்லிவிட்டார். சர்க்கரை இருநூறுக்குக் கீழே வந்தால்தான் புண்ணை மூடுவார். வெள்ளிக்கிழமை வரை பார்ப்பார். அதற்குள் இறங்காவிட்டால் பக்கத்து விரலும் போகும்.

இன்று வெறும் வயிற்றில் 268.

செங்கம் ரோட்டில் டூவீலர் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் ஆளுக்கு வலது கால் என்றால் என்னவென்று டாக்டருக்குத் தெரியுமா. நாளெல்லாம் கிக்கர் உதைக்கிற கால்.

கட்டிலுக்குப் பக்கத்துச் சின்ன அலமாரியில் இன்றைக்கு இருப்பவை:
க்ரீம் பிஸ்கட், பத்து ரூபாய் பாக்கெட், 11
பன் ரொட்டி 4 (ஒன்றில் பூஞ்சை)
ரஸ்க் 3
மால்ட் பவுடர் பெரிய பாட்டில் 2
மாம்பழ ஜூஸ், ஸ்ட்ரா ஒட்டிய அட்டைப்பெட்டி, 6
சாத்துக்குடி 2. அதுவும் வாடியது.

சர்க்கரையால் விரல் போன ஆளைப் பார்க்க வருகிறவர்கள் கொண்டுவந்தது இவ்வளவும். யாரைப் பிடித்து உலுக்குவது.

நான் கொடுப்பதுதான் ஒழுங்கு. இட்லி மூன்று. மதியம் சாதம் கம்மி, காய் ஜாஸ்தி. இரவு சப்பாத்தி. நடுவில் மூன்று வேளை சத்துப் பவுடர்.

வாங்க வேண்டியது: டெட்டால், பழைய வேட்டி கிழித்த துணி, கொசுவத்தி. ஆபீசில் லீவு நீட்டிக்க வேண்டும்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

வெறும் வயிற்றில் (வெ.வ.) 274. ஏறுகிறது.

பதினோரு மணிக்கு மாமியார் வந்தார், ஊரிலிருந்து மூன்று பேரைக் கூட்டிக்கொண்டு. பெரிய மஞ்சள் பை. கட்டிலில் கவிழ்த்தார். மறுபடி அதே க்ரீம் பிஸ்கட், சரம் சரமாக. ஒரு மால்ட் பாட்டில். எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது.

"என்ன அத்தை இது?"

"வெறுங்கையோட வர முடியுமா வசந்தி? பெத்த புள்ள படுத்துக்கினு இருக்கான்."

"சர்க்கரையாலதான் விரலையே எடுத்தாங்க. அதையே வாங்கியாந்தா?"

"ஸ்வீட்டா வாங்கியாந்தேன்? பிஸ்கட்டுதானே. காய்ச்சக்காரங்களுக்கே குடுக்கிறது."

"ஆடி மாசம். வீட்ல கூழ் இருந்திருக்கும். அதுல ஒரு சொம்பு கொண்டாந்திருக்கக் கூடாதா?"

"ஆஸ்பத்திரிக்குக் கூழ் தூக்கினு வந்தா பாக்கிறவங்க இன்னா நினைப்பாங்க? களை எடுக்க வர்றவங்களே இப்ப கூழ் கேக்கிறதில்ல. பத்து மணிக்கு டீயும் பிஸ்கட்டும் போவலன்னா மறுநாள் ஆளு வராது."

நான் கத்தினேன். எட்டுக் கட்டிலும் திரும்பிப் பார்த்தது. உங்க பிள்ளையை நீங்களே கொன்னுடுவீங்க என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு வாயை மூட முடியவில்லை, இன்னும் நாலு வார்த்தை வந்தது. அத்தை பாக்கெட்டுகளையும் பாட்டிலையும் ஒவ்வொன்றாகப் பைக்குள் போட்டுக்கொண்டார். இவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மதியம் உட்கார்ந்து யோசித்தேன். பாப்பா பிறந்து பத்தொன்பது வருடம். அப்போது எனக்கு வந்தது: சாத்துக்குடி, ரொட்டி, அத்தை கொண்டுவந்த பூண்டுக் குழம்பு. மால்ட் பாட்டில் ஒன்றே ஒன்று, தாலுக்கா ஆபீசில் இருந்த பெரியப்பா வாங்கி வந்தது. அதை நாங்கள் பிரிக்கவே இல்லை. அடுத்த மாதம் யாருக்கோ அப்பெண்டிக்ஸ், அவர்களுக்குப் போனது. அங்கிருந்து இன்னொரு வீட்டுக்கு. மூன்று வீடு பார்த்த பாட்டில். பிஸ்கட் என்றால் அப்போது ஊரில் மளிகைக் கடைக் கண்ணாடி பாட்டிலுக்குள் இருப்பது. இப்போது வேன் ஏரிக்கரை வரை வந்து இறக்கிவிட்டுப் போகிறது. மோட்டார் கொட்டகையில்கூட காலி கவர் கிடக்கிறது.

சாயங்காலம் நல்ல மழை. மலை தெரியவில்லை.

ஆகஸ்ட் 6, புதன்

வெ.வ. 271. நர்ஸ் ஊசி அளவைக் கூட்டினார்.

ஆபீஸ்காரர்கள் குடியிருக்கும் வேங்கிக்காலிலிருந்து எங்கள் செக்‌ஷன் சூப்பிரண்டு மேடம் வந்தார். சொந்தக் காரில். அவர் கொண்டுவந்தது நாகரிகம். க்ரீம் கிடையாது. நார்ச்சத்து பிஸ்கட், சர்க்கரை போடாத குக்கீஸ், மசாலா ஓட்ஸ். எல்லாவற்றிலும் கோதுமைக் கதிர் படம்.

"எங்க வீட்ல மைதாவே உள்ள வர்றதில்ல வசந்தி. அந்தப் பவுடர் கொடுக்கிறீங்கல்ல?"

"மூணு வேளையும் கொடுக்கிறேன் மேடம்."

"குட். விடாம கொடுங்க."

அந்தப் பவுடரைச் சொன்னதே மேடம்தான். சுகர்காரர்களுக்கென்றே செய்தது. டப்பாவில் பச்சை இலை, வெள்ளை கோட்டுப் போட்ட ஆள். இரண்டு ஸ்பூன் என்று போட்டிருக்கிறது. உடம்பு தேறட்டும் என்று மூன்று போடுகிறேன். இவர் வேண்டாம் என்கிறார், நாக்கில் மாவாக ஒட்டுகிறதாம். இந்த விலைக்கு வாங்கிக் கொடுத்தால் கசக்கிறதா என்று திட்டித்தான் தினமும் குடிக்க வைக்கிறேன். மேடம் கொண்டுவந்த குக்கீஸிலும் இரண்டு சேர்த்துக் கொடுத்தேன். அத்தை முகத்தில் எறியாத குறையாகக் கத்தியவள், மேடத்திடம் "எதுக்கு மேடம் இவ்ளோ" என்று இளித்துக்கொண்டு வாங்கி வைத்தேன்.

மதியம் இவருடைய வாடிக்கைக்காரர், ஆசிரமம் பக்கம் பத்து வருடமாக வாடகைக்கு இருக்கும் வெள்ளைக்காரம்மா. கண்ணாடி ஜாடி, கயிறு கட்டி, கையால் எழுதிய சீட்டு. ஓட்ஸ், தேன், முந்திரி, திராட்சை. "நோ ஷுகர், ஒன்லி ஹனி" என்றார். இவர் பெரிதாகக் கும்பிட்டார். தேன் என்ன காலுக்குத் தடவுகிற மருந்தா.

ஆக எல்லாருக்கும் ஒரு பாக்கெட் இருக்கிறது. ஊருக்குப் பத்து ரூபாயில் ஒன்று, வேங்கிக்காலுக்குக் கதிர் படத்தோடு ஒன்று, ஆசிரமம் பக்கத்துக்குக் கயிறு கட்டி ஒன்று. பெரியப்பா தூக்கி வந்த மால்ட் இப்போது களை எடுக்கிற வீட்டுக்கு வந்துவிட்டது. பெரியப்பா மாதிரி ஆட்கள் வேறு டப்பாவுக்குப் போய்விட்டார்கள்.

பாப்பா வேலூர் ஹாஸ்டலிலிருந்து போன். ராத்திரி மெஸ் பிடிக்காமல் நூடுல்ஸாம். அவளையும் திட்டினேன்.

ஆகஸ்ட் 7, வியாழன்

வெ.வ. 291.

நர்ஸ்: "ஊசி ஏத்திக்கினே போறோம், எறங்கவே மாட்டேங்குது. நீங்க என்னதான்க்கா குடுக்கிறீங்க?" நான் என்னவோ திருடி மாதிரி கேட்டாள்.

இவர் பாத்ரூம் போனபோது மெத்தையைப் புரட்டினேன். மடித்துச் செருகிய க்ரீம் பிஸ்கட் கவர். காலி.

திரும்பி வந்தவரிடம் நீட்டினேன். நொண்டிக்கொண்டே வந்து உட்கார்ந்தார்.

"ஒரே ஒரு பாக்கெட்தான். செவ்வாக்கெழம அம்மா போறப்ப கைல வச்சிட்டுப் போச்சு. நீ அந்தத் திட்டு திட்டின. மனசு கேக்கல."

"மனசு கேக்கலையா? கால் கேக்குமா?"

வராந்தாவுக்குப் போய் அத்தைக்குப் போன் போட்டேன். இனிமேல் எதையும் தூக்கிக்கொண்டு வரக்கூடாது, வந்தால் வெறுங்கையோடு வரவேண்டும், இல்லாவிட்டால் வரவே வேண்டாம் என்றேன். "சரிம்மா" என்றார்.

அலமாரியைக் காலி செய்தேன். க்ரீம் பிஸ்கட், ரஸ்க், ஜூஸ் எல்லாம் குப்பைக்கு. மால்ட் பாட்டில் இரண்டையும் மட்டும் வீட்டுக்கு எடுத்து வந்தேன். யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால் ஆகும். (எழுதும்போதுதான் உறைக்கிறது. நானும் அதே ஜாதிதான்.)

நாளை வெள்ளி.

ஆகஸ்ட் 8, வெள்ளி

வெ.வ. 283. டாக்டர் மூடவில்லை. திங்கள் பார்க்கலாம் என்றார். முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை.

ஊர் முழுக்கக் கிரிவலக் கூட்டம். ஹாரன் சத்தம் வார்டு வரை.

மதியம் உணவு ஆலோசகர் பெண் வந்தாள். இருபத்தைந்து வயது இருக்கும். நேற்று எழுந்ததிலிருந்து படுக்கும் வரை என்னென்ன உள்ளே போனது, ஒன்று விடாமல் சொல்லுங்கள் என்றாள். சொன்னேன். இட்லி, சாம்பார், சாதம், கோஸ், சப்பாத்தி. அவள் எழுதி முடித்துப் பேனாவைத் தூக்கியபோது இவர் சொன்னார்:

"அந்தப் பவுடரச் சொல்லு."

"அது சாப்பாடா? மருந்து மாதிரிங்க."

டப்பாவைக் கேட்டாள். முன்பக்கத்தைப் பார்க்கவே இல்லை. பின்னால் திருப்பி, எறும்பு மாதிரி இருந்த எழுத்தை நகத்தால் தொட்டுப் படித்தாள்.

"மால்டோடெக்ஸ்ட்ரின்னு முதல்ல போட்டிருக்கு பாருங்கக்கா. எது ஜாஸ்தியோ அதத்தான் முதல்ல எழுதுவாங்க. இது மாவுல இருந்து எடுக்கிறது. உள்ள போனா சர்க்கரை மாதிரியே ஏறும். எத்தனை ஸ்பூன்?"

"மூணு."

"ஒரு வேளை சாப்பாட்டுக்குப் பதிலா அளவா குடுத்தா அது வேற. நீங்க சாப்பாட்டுக்கு மேல குடுக்கிறீங்க. எத்தனை வேளை?"

"மூணு."

"அதோட வேற என்ன?"

"பிஸ்கட் ரெண்டு. சர்க்கரை போடாதது."

"சர்க்கரை போடல. மாவு போட்டிருக்காங்களே."

அவள் குரலை உயர்த்தவே இல்லை. கூழ் கொடுக்கட்டுமா என்று கேட்டேன். "அதுவும் கணக்குதான்க்கா, ஒரு டம்ளர், அன்னிக்கு இட்லி கிடையாது" என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டாள்.

ஒரு நாளைக்கு ஒன்பது ஸ்பூன். ஏழு நாள். என் கையால் கலக்கி, ஆற்றி, திட்டித் திட்டி.

இவர் ஏதாவது சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன். அந்தப் பச்சை இலையை வரைந்தவன் மேல் கோபம். எறும்பு எழுத்தில் அச்சடித்தவன் மேல் கோபம். பட்டம் வாங்கியிருக்கிறேன். ஆபீசில் ஒவ்வொரு மனுவையும் பின்பக்கம் வரை படிப்பவள். இதைத் திருப்பிப் பார்க்கவில்லை. விலை ஜாஸ்தி, அதனால் நம்பினேன். வேறு காரணமே இல்லை.

ஆகஸ்ட் 9, சனி

பவுடர் இல்லை, பிஸ்கட் இல்லை. வெ.வ. 231.

ஊருக்குள் பஸ் விடவில்லை, பௌர்ணமி. பத்தரை மணிக்கு வார்டு வாசலில் அத்தை. வெளியூர்க் கூட்டத்தோடு கூட்டமாக நடந்தே வந்திருக்கிறார். காலெல்லாம் சேறு. உள்ளே வரவில்லை. நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"வாங்கத்தை."

இரண்டு கையையும் விரித்துக் காட்டினார். "ஒண்ணும் எடுத்தாரல. வரலாமாம்மா?"

பவுடர் விஷயத்தை நான் அந்த நிமிடமே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு குழாய்ப் பக்கம் போய்விட்டேன். திரும்பி வந்தபோது மகனின் நல்ல காலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

ஆகஸ்ட் 11, திங்கள்

வெ.வ. 174. கேட்ட எண் வந்துவிட்டது. வெள்ளிக்கிழமை வந்திருக்க வேண்டியது.

கட்டுப் பிரித்தார்கள். மூன்றாவது விரல் நுனி கருப்பு. டாக்டர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். நாளை காலை எட்டு மணிக்கு அந்த விரலையும் எடுத்துவிட்டுப் புண்ணை மூடுவார்கள்.

இவர்: "இப்ப எல்லா வண்டியும் பட்டன் ஸ்டார்ட்டுதான். மூணு விரல் போதும்." சிரித்தார். அறையலாம் போலிருந்தது. அழுதேன்.

வராந்தாவில் அத்தை என் முந்தானையைப் பிடித்தார். "நான் கைல வச்ச அந்த ஒரு பாக்கெட்டாலயாம்மா? நெசத்தச் சொல்லு." சனிக்கிழமையிலிருந்து இதையே கேட்கிறார். ராத்திரி தூங்கவில்லையாம்.

"இல்லத்தை. நான் குடுத்த பவுடர்." பையிலிருந்து டப்பாவை எடுத்துக் கொடுத்தேன். எல்லாவற்றையும் சொன்னேன்.

அத்தைக்கு எழுத்து தெரியாது, எண் தெரியும். டப்பாவை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அடியில் ஒட்டியிருந்த விலைச் சீட்டில் விரல் நின்றது. நம்பவில்லை. என்னைக் காப்பாற்றுகிற மாதிரி மெதுவாகச் சொன்னார்:

"இவ்ளோ விலை ஜாஸ்தியாச்சேம்மா. இதுலயா இருக்கும்?"