வெள்ளிக்கிழமை யாருக்கு

பிப்ரவரி 3, செவ்வாய்
ஆபீசில் கேக் வெட்டினார்கள். அடுத்த வாரத்திலிருந்து நாலு நாள்தான் வேலை. வெள்ளி, சனி, ஞாயிறு லீவு. ஹெச்.ஆர். நகுல் கை தட்டினான். நானும் தட்டினேன். போன மாதம் வந்த படிவத்தில் முதல் ஆளாகச் 'சம்மதம்' போட்டவளே நான்தான். அதன் அடியில் பொடி எழுத்தில் இருந்ததை இன்றுதான் படித்தேன்: தினம் பன்னிரண்டு மணி நேரம்.
பி.காம். முதல் வகுப்பாம். படிக்கத் தெரியவில்லை.

பிப்ரவரி 4, புதன்
இனி ராத்திரி எட்டரைக்கு ஐரோலி ஆபீசிலிருந்து கிளம்பினால், தானேயில் ரயில் மாறி, சயானில் இறங்கித் தாராவி வந்து சேரப் பத்தாகும். ஆனிக்கு ஒன்றரை வயது. அவளைப் பார்த்துக்கொள்ளும் இருதயமேரி அக்கா ஏழு மணிக்கு எல்லாப் பிள்ளைகளையும் அனுப்பிவிடுவாள். பிறகு?
நகுலிடம் கேட்டேன். மூன்று நாள் முழுக்கக் குழந்தையோடுதானே இருக்கப்போகிறீர்கள் என்று இந்தியில் சிரித்தான். ஆமாம். மீதி நாலு நாள் அவளைப் பிரிட்ஜில் வைத்துவிடுகிறேன்.

பிப்ரவரி 5
என் வீட்டுக்காரர் ரெனால்டுக்குக் குர்லா பட்டறையில் ஆறு நாளும் ராத்திரி பத்து வரை வேலை. "ஒனக்கென்னட்டி, ராணி. வெள்ளிக்கிழம மீன நீயே வாங்கிரு." பிள்ளையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

பிப்ரவரி 9, திங்கள்
பத்தே கால். அக்கா வாசற்படியில், மடியில் தூங்கும் ஆனியோடு.
"நாளைக்கும் இப்படின்னா வேற ஆளப் பாரு மக்கா."
கூடத் தருகிறேன் என்றேன்.
"துட்டு கெடக்கட்டும். எனக்கு லீவு எவ தருவா? ஞாயித்துக்கிழம பூசைக்கே ரெண்டு பிள்ளையத் தூக்கிட்டுல்லா போறேன்."
வேலைய விட்ரணுமா? நான் என்ன தப்பு பண்ணேன் — பண்ணேன். சம்மதம்னு போட்டேன்லா.

பிப்ரவரி 10
காலையில் ஆனியை விடும்போது கேட்டேன்: நாலு நாள் பத்து மணிவரை இவளை வைத்துக்கொள்ளுங்கள், வெள்ளிக்கிழமை எல்லாப் பிள்ளைகளும் என் பொறுப்பு.
"அஞ்சையுமா? அஞ்சும் அஞ்சு பக்கம் ஓடும்ட்டி." ஆனால் மாட்டேன் என்று சொல்லவில்லை.

பிப்ரவரி 13, வெள்ளி
என் முதல் நீண்ட வார இறுதி. ஒரு அறை, ஐந்து பிள்ளைகள், தரையெல்லாம் துவரம்பருப்பு. மீன் வாங்கவில்லை.
அக்கா காலையிலேயே செம்பூரில் இருக்கும் தன் தங்கச்சி வீட்டுக்குக் கிளம்பினாள். இடுப்பில் பிள்ளை இல்லாததால் கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் நடந்தாள்.
மதியம் ஆபீஸ் குரூப்பில் நகுல்: நீண்ட விடுமுறைப் படங்களை அனுப்புங்கள். சற்றுமுன் அக்கா அனுப்பியிருந்த படத்தைப் போட்டேன் — தங்கச்சி வீட்டுக் கட்டிலில் கால் நீட்டி, கையில் குல்பியோடு.
யார், அம்மாவா என்று கேட்டான்.
லீவு எடுத்தவங்க என்று எழுதினேன்.