வாய்தா எப்போது

ஜூலை 8, செவ்வாய்
விடாத மழை. எங்கள் அலோன் பேட்டை முழுக்கத் தண்ணீர். கரண்ட் இல்லை. டியூஷன் பிள்ளைகள் வரவில்லை, நல்லதாய்ப் போயிற்று. கீழ்வீட்டு பா. அக்கா (பெயர் முழுதாக வேண்டாம்) நனைந்துகொண்டே மேலே வந்தாள். வெளிநாட்டு விசாரணைக் குழுவுக்கு மகன் விஷயத்தை இங்கிலீஷில் எழுதித் தரவேண்டுமாம். தெருவுக்கே நான்தானே சயாமா, பர்மியத்தில் டீச்சர். மறுக்க வாய் வரவில்லை. போன வருஷம் சீருடைக்காரர்கள் அவனைக் கூட்டிப் போனது. அதோடு சரி. கேஸும் இல்லை, கோர்ட்டும் இல்லை, ஆளும் இல்லை.

ஜூலை 9, புதன்
எழுத உட்கார்ந்தோம். கண்ணால் பார்த்ததைத் தனியாக, கேள்விப்பட்டதைத் தனியாகச் சொல்ல வேண்டுமாம்.
"வண்டில ஏத்துனத பாத்தீங்களா?"
"பாக்காம? நான் பெத்த புள்ள."
"கண்ணால பாத்தீங்களான்னு கேக்குறேன்."
"நான் மார்க்கெட்ல இருந்தேன் சயாமா. எதிர்வீட்டு மா கின் பாத்தா."
ஆக, கேள்விப்பட்டது. அடித்துவிட்டு மறுபடி எழுதினேன். அக்கா கண்ணால் பார்த்தது என்று மிஞ்சியது திறந்து கிடந்த கதவு மட்டும்.
வாங்க: மெழுகுவர்த்தி, கொசுவத்தி, கறிவேப்பிலை (கிடைத்தால்).

ஜூலை 11, வெள்ளி
புழுக்கம். மெயிலில் அனுப்பியதற்குக் குழுவின் பதில் வந்துவிட்டது, ரொம்ப மரியாதையாக. சாட்சியங்களைச் சேர்த்துப் பத்திரப்படுத்துவார்களாம். அதிகாரமுள்ள நீதிமன்றம் ஏதாவது கேட்டால் கொடுப்பார்களாம். கைது செய்ய அதிகாரம் இல்லை. காணாமல் போனவரைத் தேடுவது அவர்கள் வேலையில் சேராது. யாரிடமெல்லாம் காட்டலாம் என்பதற்கு அக்காவின் சம்மதம் வேண்டும். நாலு தரம் படித்தேன். பூனைக்கு யார் மணி கட்டுவது என்பது மட்டும் அதில் இல்லை. எரிச்சல். யார் மேல் என்று தெரியாத எரிச்சல்.

ஜூலை 13, ஞாயிறு
அக்காவிடம் சொல்லிவிட்டேன். பாதிதான், தேடமாட்டார்கள் என்பதை விட்டுவிட்டு. சம்மதத்துக்கு உடனே தலையாட்டினாள். பிறகு,
"வாய்தா எப்போ போடுவாங்க சயாமா?"
புருஷன் மேல் அடிதடி கேஸ் நடந்த காலத்தில் ஒவ்வொரு வாய்தாவுக்கும் மொஹிங்கா நூடுல்ஸ் கட்டிக்கொண்டு போவாளாம். கோர்ட் வராந்தாவில் புருஷன் பக்கத்தில் உட்கார விடுவார்களாம். வாய்தா என்றால் அவளுக்கு ஆளைப் பார்க்கிற நாள்.
"வெளிநாட்டுக் கோர்ட்டுன்னாலும் கூட்டியாரணும்ல? தூரத்துல நின்னு பாத்தாப் போதும்."
"அக்கா, அங்க கூண்டுல நிக்கப்போறது தம்பியக் கூட்டிப்போனவங்க. தம்பி இல்ல."
"நிக்கட்டும். எம் புள்ளைய எப்போ கூட்டியாருவாங்க?"
தெரியலக்கா என்றேன்.
அவனுடைய நல்ல லுங்கியைத் துவைத்து வைக்கிறேன், வாய்தா அன்றைக்கு உடுத்த வேண்டுமே என்று கீழே இறங்கினாள். மறுபடி மழை. எங்கே காயப்போகிறது.