மகள் பிறந்த வருஷத்து ஒயின்

வொல்னே,
2 செப்டம்பர் 2024

அன்புள்ள ஒதீல்,

பிரிந்து இருபத்து நான்கு வருஷம் கழித்து என் கையெழுத்தைப் பார்த்துப் பதறாதே. நம் பெண் மனோன் நலம். அடுத்த மாதம் அவள் கல்யாணத்துக்கு வேலைகள் ஜரூராக நடக்கின்றன.

பெண் பிறந்த வருஷத்து ஒயினை அவள் விருந்தில் ஊற்ற வேண்டும் அல்லவா? நிலவறையில் நம் 1998 ஒயின் நாற்பது பாட்டில் இருக்கிறது. நல்லதா கெட்டதா, எனக்குத் தெரியாது. போன குளிர்காலக் காய்ச்சலோடு என் மூக்கு செத்துவிட்டது. ரோஜாவும் ஒன்றுதான், சாணியும் ஒன்றுதான். ஒயின்காரனுக்கு மூக்குப் போயிற்று என்று தெரிந்தால் ஊர் சிரிக்கும். மனோனுக்குக்கூடச் சொல்லவில்லை.

அன்று பீப்பாயிலேயே ருசி பார்த்துவிட்டு, "இது வினிகராக்கி சாலட்ல ஊத்தத்தான் லாயக்கு" என்று என் அப்பா எதிரில் சொன்னவள் நீ. அதனால்தான் உன்னைக் கேட்கிறேன். ஒரு பாட்டில் அனுப்பியிருக்கிறேன். இரக்கப்பட்டுப் பொய் சொல்லாதே.

காஸ்தோன்

டிஜோன்,
9 செப்டம்பர்

அன்புள்ள காஸ்தோன்,

மூக்கு விஷயம் படித்து அழுதேன். இத்தனை மாதம் தனியாகச் சுமந்தாயே, வீம்புக்காரா!

பாட்டிலை மூன்று நாள் நிமிர்த்தி வைத்து, மண்டி அடங்கியபின் திறந்தேன். முதலில் குதிரை லாய வாடை. "நான் அப்பவே சொன்னேன்ல!" என்று வாய்விட்டே சொன்னேன். அற்ப சந்தோஷம். கால் மணி நேரத்தில் அது போய்விட்டது. பிறகு உலர்ந்த ரோஜா, மழை நின்ற காட்டில் மக்கும் இலை, காளான், அடியில் கொஞ்சம் செர்ரி. நிறம் ஓரத்தில் செங்கல்லாக வெளுத்திருக்கிறது. அன்று நாக்கைப் பிடித்து இழுத்த துவர்ப்பு எங்கே போயிற்றோ! எதையும் உரக்கச் சொல்லாத ஒயின். விழுங்கிய பிறகும் வெகுநேரம் வாயை விட்டுப் போகவில்லை. நான் சொன்னது தப்பு. தைரியமாக ஊற்று. ஆனால் இனியும் பூட்டி வைக்காதே, இது முதிர வேண்டியதெல்லாம் முதிர்ந்துவிட்டது.

ஒன்றை யோசித்தாயா? விருந்தில் ஒவ்வொரு பாட்டிலிலும் முதல் வாய் நீதான் குடித்து, நல்லதென்று தலையாட்ட வேண்டும். நாற்பதில் ஒன்றிரண்டாவது தக்கை கெட்டு நாறும். என்ன செய்வாய்?

ஒதீல்

வொல்னே,
14 செப்டம்பர்

அன்புள்ள ஒதீல்,

லாய வாடையை மறைக்காமல் எழுதினாய் பார், அதனால்தான் மற்றதையும் நம்பினேன். நானும் ஒன்றைத் திறந்து, உன் கடிதத்தைப் பக்கத்தில் வைத்து வரி வரியாகக் குடித்தேன்.

விருந்தில் உன்னை ஓரத்து மேசையில் போட்டிருந்தார்கள். என் பக்கத்தில் மாற்றச் சொல்லிவிட்டேன். ஒவ்வொரு பாட்டிலையும் நீ முகர்ந்துவிட்டு மேசைக்கடியில் என் காலை மிதி. நல்லதென்றால் ஒரு தரம், கெட்டதென்றால் இரண்டு.

மனோன் விடவில்லை. "என்னப்பா, அம்மாவ பக்கத்துலயா? சூப் வர்றதுக்குள்ள சண்டை போட்டுருவீங்களே!" என்றாள். மூக்கைப் பற்றிச் சொல்லாமல் சமாளிக்க நினைத்து, "அவ இல்லாம எனக்கு முடியாதும்மா" என்றேன். அவள் என்னைக் கட்டிக்கொண்டு அழுதுவிட்டாள்.

திருத்திச் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.

காஸ்தோன்