துணிக்கட்டையும் சேர்த்து

பிப்ரவரி 10, செவ்வாய்

காலையில் பனி, பிறகு நல்ல வெயில். உப்பு விளையும். கல்லூரிக்கு விடுப்பு. வாங்க வேண்டியது: தேங்காய் எண்ணெய், ஜாஃபர் மகளுக்கு ஜாமெட்ரி பாக்ஸ்.

தம்பி ஜாஃபர் துபாயிலிருந்து வந்ததிலிருந்து அத்தாவின் உப்பளத்தில் ஒரு மெஷினோடுதான் குடித்தனம். நான்கு சக்கரம், ஒரு கை. உப்பு வாரும். தன்னைத் தானே கேமராவால் அளந்து, பிளாஸ்டிக்கில் பாகங்கள் வார்த்து, தன்னைப் போலவே இன்னொன்றைப் பூட்டுமாம். வெள்ளிக்கிழமை சென்னை கம்பெனிக்காரர்கள் வருகிறார்கள். யார் கையும் படாமல் உருவான மெஷின் உப்பு வாரினால் ஜாஃபருக்கு இங்கேயே வேலை. இல்லையென்றால் மறுபடி துபாய்.

எனக்கு நம்பிக்கை இல்லை. இயற்பியல் நடத்துகிறவள். 'தானாகவே' என்றால் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று பார்ப்பேன்.

பிப்ரவரி 12, வியாழன்

காற்று. பழைய மெஷின் பூட்டிய புது மெஷின் தயார். நினைத்ததைவிட நேர்த்தி. ஆனால் கை மடங்கவில்லை.

காரணம் தெரிய மதியமாகிவிட்டது. உப்பளத்தில் வேலை செய்யும் செல்வி, உப்பு அரிக்காமலிருக்கத் தன் கணுக்காலில் சுற்றுகிற மாதிரியே பழைய மெஷினின் முழங்கையிலும் சேலைத்துணி சுற்றியிருக்கிறாள். மெஷின் அதையும் தன் உடம்பென்று எடுத்துக்கொண்டு, மடிப்பு, முடிச்சு உட்பட பிளாஸ்டிக்கில் வார்த்துவிட்டது.

"நான் கட்டினேன், அது பெத்துக்கிச்சு," செல்வி. "நல்லவேள தம்பி, பொட்டு வெக்கல."

ஜாஃபர் சிரித்தான். பிறகு வரப்பில் உட்கார்ந்துவிட்டான். மறுபடி செய்ய நேரமில்லை.

மெஷினைக் குறை சொல்லத் தோன்றவில்லை. எது தன் உடம்பு, எது பிறர் கட்டிவிட்டது என்று அதற்கு யார் சொன்னார்கள்?

பிப்ரவரி 13, வெள்ளி

விடிந்ததும் சமையலறைக் கத்தியோடு போனேன். பிளாஸ்டிக் முடிச்சைச் செதுக்கினால் கை மடங்கும். எனக்கு முன்பே ஜாஃபர் அங்கே.

"வேணாங்கா. கத்தியக் குடு."

"யாருக்குடா தெரியப்போவுது?"

"யாராச்சும் தொட்டீங்களான்னு கேப்பாங்க. இல்லன்னு நான்தான சொல்லணும்."

பரீட்சையில் பார்த்து எழுதினால் பேப்பரைப் பிடுங்குகிறவள் நான். கத்தியைக் கொடுத்துவிட்டேன்.

வந்தவர்களிடம் துணிக் கதையை அவனே சொன்னான். போட்டோ எடுத்தார்கள். டீ வேண்டாமாம். காரில் ஏறும்போது ஒருவர் மற்றவரிடம், "இந்த சீசனுக்கு ஆவாதுங்க."

பிப்ரவரி 17, செவ்வாய்

மேகமூட்டம். ஜாஃபர் பெட்டி கட்டிவிட்டான். நோன்பு துபாயில்தானாம். வாசலில் கார்.

ஒவ்வொரு முறையும் "பத்திரம்" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விடுவேன். இன்று நகரவில்லை.

"போவாதடா."

"என்னக்கா திடீர்னு?"

"துணியக் கழட்டிட்டு இன்னொரு தடவ செய்யச் சொல்லிப் பாக்கலாம். நான் லீவு போடறேன்."

"உனக்குத்தான் நம்பிக்கையே கெடயாதே."

"இப்பவும் இல்ல."

செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனான். மகளோடு பேசிக்கொண்டிருக்கிறான். என்ன பேசுகிறார்கள் என்று கேட்கவில்லை. டிரைவர் இன்ஜினை அணைத்துவிட்டார்.